தறி அப்புறம், முதலில் கொஞ்சம் நூல்

கேள்வி: எனக்கு 38 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பையன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு பகலில் நேரம் நிறைய இருக்கிறது. வீட்டிலேயே சின்னதாகத் துணி நெய்து பார்க்க ஆசை. ஆன்லைனில் ஒரு மேசைத் தறி 28,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? கொழுந்தனார் பட்டுப்புழு வளர்க்கிறார். பக்கத்து வீட்டில் மேச்சேரி ஆடு இருக்கிறது. இவற்றிலிருந்து நானே நூல் எடுக்க முடியுமா? மாமியார் பள்ளிக்கூடத்தில் தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிர்) சுற்றியவர். அந்தத் தக்ளி இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. "கடையில் கிடைக்காத துணியா?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். இதில் ஏதாவது சம்பாதிக்க முடியுமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: இப்போதைக்குத் தறி வேண்டாம். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். பன்னிரண்டு வருடம் முன்னால் எனக்கும் இதே ஆசை வந்து, ஒரு தச்சரிடம் சொல்லிச் சின்னத் தறி ஒன்று செய்துகொண்டேன். நெய்வது சுலபம், பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், போடுவதுதான் வேலை என்பது தறி வந்த பிறகுதான் தெரிந்தது. 300 இழையைச் சம நீளத்தில் ஓட்டி, ஒவ்வொன்றாக இழையைத் தூக்கி இறக்கும் விழுதில் கோர்த்து, பிறகு சீப்பு மாதிரியான அச்சில் இழுத்து முடிக்க நான்கு நாள் ஆனது. நடுவில் ஒரே ஒரு இழை இடம் மாறிவிட்டது. துணி முழுக்க அந்த இடத்தில் நேர்கோடாக ஒரு தழும்பு. அடுத்த பாவு போடத் தெம்பில்லை. அந்தத் தறியில் ரொம்ப நாள் ஈரத்துணிதான் காய்ந்தது.

நீங்கள் ஒரு மரச் சட்டத்தில் தொடங்குங்கள். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம் போதும். மேலும் கீழும் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்ன ஆணிகள். ஒரே வரிசையாக அடித்தால் மரம் பிளக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி அடியுங்கள். பாவுக்கு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற வெள்ளைப் பருத்தி நூல் நன்றாகத் தாங்கும். கட்டி முடித்து உள்ளங்கையால் அழுத்தினால், கயிற்றுக் கட்டில் மாதிரி அமுங்கித் திரும்ப வேண்டும். குறுக்கே ஓடும் இழையான ஊடைக்குப் பழைய வேட்டியை அரை விரல் அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். கோணி ஊசியில் கோர்த்து ஒன்று விட்டு ஒன்று நுழைத்து, சீப்பால் அடித்து இறக்க வேண்டியதுதான். ஒரு மர ஸ்கேலை ஒன்று விட்டு ஒன்றாக இழைகளுக்கு நடுவே செருகி வைத்து, குத்துவாட்டில் நிமிர்த்தினால் பாவு தானாகப் பிரிந்து வழிவிடும். திரும்பி வரும் வரிசைக்கு மட்டும் ஊசியால் எடுக்க வேண்டும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பத்து வரிசை தாண்டியதும் துணி உடுக்கை மாதிரி நடுவில் சிறுத்துவிடும். ஊடையை விறைப்பாக இழுப்பதால் வருவது இது. ஊடை, பாவு இழைகளுக்கு மேலும் கீழும் வளைந்து போவதால் துணியின் அகலத்தைவிட அதற்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் சின்னக் குன்று போல வளைத்து விட்டு, அப்புறம் அடியுங்கள். இந்தக் கை வந்துவிட்டால் பாதி நெசவு வந்த மாதிரி.

நல்ல நூலில் நெய்யத் தோன்றும்போது சேலத்துக்கோ இளம்பிள்ளைப் பக்கமோ போய் 2/20 பருத்தி நூல் கேளுங்கள். 20 என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) இருபது இருக்கும் என்று கணக்கு. எண் கூடக்கூட நூல் மெலியும். முன்னால் உள்ள 2, இரண்டு இழை சேர்த்து முறுக்கியது என்பதைக் காட்டும். கஞ்சி போடாமலே பாவுக்குத் தாங்கும்.

ஆட்டு விஷயத்தில் ஏமாற்றம்தான். மேச்சேரி ஆட்டுக்கு உடம்பில் இருப்பது குட்டை முடி, நூற்க வராது. நம் மாவட்டத்திலும் சில இடங்களில் வளர்க்கிற கருங்குரும்பை ஆட்டுக்குக் கம்பளி முடி உண்டு. ஆனால் முரடு, கழுத்தில் பட்டால் குத்தும். தரை விரிப்புக்குச் சரி. தக்காணத்துக் கம்பளி நெசவில் பாவு மேல் புளியங்கொட்டைப் பசை தடவுவார்கள். இல்லாவிட்டால் பிசிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பாவு பிரியாது. புளியங்கொட்டைக்கு நம் ஊரிலா பஞ்சம்!

உங்களுக்கு வாய்த்த புதையல் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறது. நல்ல வெண்கூடு ஒன்றில் ஒரே இழையாக ஏறத்தாழ 1,000 மீட்டர் பட்டு இருக்கும். அதையெல்லாம் அவர் தருமபுரி அங்காடிக்குக் கொண்டு போகட்டும். இரட்டைக் கூடுகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். இரண்டு புழு சேர்ந்து கட்டியதால் இழை சிக்கலாகி, சுழற்றி நூலெடுக்க வராது என்று கழித்துவிடுவார்கள். கையால் நூற்பதற்கு அது தாராளம்.

கூட்டை ஒரு முனையில் வெட்டி உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை உதறிவிடுங்கள், கோழி வைத்திருந்தால் அதற்கு அன்று விருந்து. 50 கிராம் கூட்டைப் பழைய துணியில் தளர்வாக மூட்டை கட்டி, 2 லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சோப்புச் சீவல், அரை ஸ்பூன் சலவை சோடா போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சோடா அரிக்கும். சமையலுக்கு அந்தப் பாத்திரம் மறுபடி வேண்டாம். வீடு கொஞ்சம் நாறும், வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நாளாகப் பாருங்கள். முதலில் அட்டை மாதிரி விறைப்பாக இருந்த கூடு, இழைகளை ஒட்டியிருக்கும் பசை கரைந்ததும் ஈரப் பஞ்சாகத் தளரும். நன்றாக அலசி, ஈரத்தோடேயே நான்கு விரலில் மாட்டி மெதுவாக விரித்துக் காயவிடுங்கள். எடையில் கால் பங்கு போயிருக்கும். அது பசையின் எடை, பயப்பட வேண்டாம்.

இனி மாமியாரின் முறை. கைத்தொழிலோடு பாடம் சொன்ன ஆதாரக் கல்வி நாட்களில் பள்ளியில் தக்ளி சுற்றிய கை எளிதில் மறக்காது. அவர் அன்று நூற்ற பருத்தியின் இழை ஓர் அங்குலம்தான் இருக்கும், முறுக்கு கொஞ்சம் குறைந்தாலும் அறுந்துவிடும். பட்டு நீளமானது, குறைந்த முறுக்கிலேயே நிற்கும். வழுக்கும் என்பதுதான் தொல்லை. அந்த நூலை ஊடையாக உங்கள் சட்டத்தில் ஓட்டிப் பாருங்கள்.

சம்பாத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கைத்துண்டு நெய்தால், விசைத்தறித் துண்டின் விலையோடு போட்டி போட முடியாது. ஒரு வருடம் காசுக் கணக்கே பார்க்காதீர்கள். அதற்குள் பத்து உருப்படி முடித்து, பதினோராவதற்கும் கை பரபரத்தால் அந்த 28,000 ரூபாயைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பெட்டியிலிருந்து எடுக்கும்போது தக்ளியின் கம்பியில் துரு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உப்புக் காகிதத்தால் தேய்த்து, துணியால் துடைத்த பிறகே பட்டைச் சுற்றுங்கள். துருக்கறை பட்டில் ஏறினால் போகாது.