ஒரே மரத்துக்கு நூறு போட்டோ எதற்கு?

கேள்வி: என் தங்கை பால்புதுமையர் (குயர்), பாலினத்திலோ ஈர்ப்பிலோ பொது வழக்கத்துக்குள் அடங்காதவள். அதை வீட்டில் சொல்லி, அழுது, சமாதானமும் ஆகிவிட்டோம். வேலைதான் புரியவில்லை. கேம், போட்டோ, விஆர் (மெய்நிகர் உலகம்) எல்லாம் செய்கிறேன் என்கிறாள், சோலைக்காட்டில் ஒரே மரத்தை நூறு தடவை எடுக்கிறாள். இது என்ன கலை?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: மரத்திலிருந்தே வருகிறேன். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி, ஒரு படத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி எடுத்தால், மென்பொருள் பொதுவான புள்ளிகளைப் பொருத்தி அதை முப்பரிமாண உருவமாக்கிவிடும். போட்டோகிராமெட்ரி என்பார்கள். இதற்கு உச்சி வெயிலைவிட உங்கள் ஊர் மூடாப்பு வெளிச்சம் நல்லது, கடும் நிழல் விழாது. ஆனால் காற்றில் இலை ஆடினாலோ, மழையில் பட்டை பளபளத்தாலோ போச்சு, மறுபடி போக வேண்டியதுதான். அந்த மரத்தை கோடோட் மாதிரி ஒரு இலவச கேம் எஞ்சினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில், நட்டுவிட்டால், கண்ணில் விஆர் ஹெட்செட் மாட்டியவர் அதன் அடியில் போய் நிற்கலாம். ஆக, மூன்றும் ஒரே வேலைதான்.

தன் வாழ்க்கையையே கேம் ஆக்குவதும் புதிதல்ல. அமெரிக்கத் திருநங்கை அன்னா ஆந்த்ரோபி 2012-ல் தன் ஹார்மோன் சிகிச்சை அனுபவத்தைக் குட்டி விளையாட்டுகளாக வெளியிட்டார். அதில் ஒரு வடிவத்தைச் சுவரின் இடைவெளிக்குள் நகர்த்த வேண்டும், எப்படி நகர்த்தினாலும் இடிக்கும். பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த எரிச்சல் வராது.

சம்பளமா? மாதம் பிறந்தால் வராது, அதை மறைப்பானேன். அவள் செய்ததை ஒருமுறை ஹெட்செட்டில் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடி, சரியா? நின்றால் தலைசுற்றும்.