22 அடியிலேருந்து 31 அடிக்குத் தாவலாமா? பாய்மர போட் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருக்கேன், சொந்த ஊர் தூத்துக்குடி. மூணு வருசமா மிட்மார் டேம்ல 22 அடி போட் ஓட்டுறேன், கீலை (போட் அடியில நீட்டிக்கிட்டு இருக்குற தகடு) தூக்கி ட்ரெய்லர்ல ஏத்துற மாடல், பின்னாடி வெளிய மாட்டுற 5 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின். இப்ப டர்பன்ல 31 அடி போட் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. உள்ளயே டீசல் எஞ்சின், நாலு பேர் படுக்கலாம், டாய்லெட் இருக்கு, விலையும் கையைக் கடிக்கல. வீட்டுல மனைவி, 11 வயசுல பையன், 8 வயசுல பொண்ணு. நேரா இதுக்குப் போயிரலாமா, இல்ல நடுவுல 26 மாதிரி ஒண்ணு வாங்கணுமா? ரெண்டு தடவை வாங்கி விக்கிறது வெட்டிச் செலவுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.

பதில்: தம்பி, ஃப்ரெண்ட்ஸ் நீளத்தை மட்டும் பாக்குறாங்க. 22க்கும் 31க்கும் 9 அடிதானேன்னு தோணும். ஆனா நீளம் கூடும்போது அகலமும் ஆழமும் சேர்ந்துல்ல கூடுது, அதனால எடை எங்கேயோ போயிரும். உன் போட் ஒரு டன்னுக்கு முன்னபின்ன இருக்கும், அந்த 31 நாலு டன், அஞ்சு டன்னு வரும். மிட்மார்ல ஜெட்டிக்குக் கொஞ்சம் வேகமா வந்துட்டா என்ன பண்ணுவ, ஒரு காலை வெளிய நீட்டி ஒரு எத்து எத்தித் தள்ளுவ, போட் நின்னுரும். நான் உள்பட சின்ன போட்ல பழகுன எல்லாருக்கும் அந்தக் கால்தான் பிரேக். அஞ்சு டன் போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல அதே காலை நீட்டிப் பாரு, போட் நிக்காது, கால்தான் நசுங்கும். புது போட் கைக்கு வந்த முதல் நாள்லயே உடம்பு இதை மறக்கணும், மூளைக்குத் தெரிஞ்சாலும் உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

அடுத்தது பாய். 20 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) காத்துல 13 சதுர மீட்டர் முன்பாயோட கயித்துல சுமாரா 110 கிலோ இழுவை வரும், 31 அடி போட்ல அந்தப் பாயே 30 சதுர மீட்டர் இருக்கும், இழுவை 250 கிலோவைத் தொடும். காத்து ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்காகும், அதையும் சேர்த்து யோசி. இப்ப உன் பையன் ஆசையா இழுக்குறானே ஒரு கயிறு, அது அங்க வின்ச்ங்கிற உருளைல சுத்தி ஹேண்டில் போட்டு இழுக்குற கயிறு, அதுல விரல் மாட்டுனா போச்சு. பையன் இன்னும் மூணு வருசம் வளந்துட்டா கதை வேற, இன்னைக்கு அந்த போட்ல நீயும் மனைவியும் மட்டும்தான் ஆளுன்னு வெச்சுக்க.

மிட்மார் நல்ல தண்ணி டேம், டர்பன் கடல். இதை நீ கேள்வியில சொல்லவே இல்ல, ஆனா எனக்கு அடி நீளத்தைவிட இதுதான் பெரிய தாவல். வடகிழக்குக் காத்துல ஜாலியா வெளிய போயிருப்ப, திடீர்னு காத்து நின்னு அரை மணி நேரத்துல தென்மேற்குலேருந்து 30, 35 நாட் அடிக்கும். வெளிய அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்குப் பாத்து ஓடிக்கிட்டு இருக்கும், எதிர்க்காத்து அது மேல மோதுனா அலை செங்குத்தா எழும்பும், கப்பல்காரனே பயப்படுற இடம் அது. ஒதுங்கலாம்னா வடக்க ரிச்சர்ட்ஸ் பே 90 கடல் மைல், தெக்க ஈஸ்ட் லண்டன் சுமாரா 250, நடுவுல ஒழுங்கான துறைமுகம் கிடையாது. 31 அடி போட் சராசரி 5 நாட் போகும்னு வெச்சாலும் ரிச்சர்ட்ஸ் பேக்கே 18 மணி நேரம். அதனால உன் குடும்பம் நிஜமா என்ன பண்ணும்னா, சனிக்கிழமை காலைல போர்ட் கன்ட்ரோல்கிட்ட ரேடியோல சொல்லிட்டு வெளிய போகும், உம்லாங்கா பக்கம் ஒரு சுத்து, மத்தியானம் திரும்பி வந்து பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு குழம்பு ஊத்துற டர்பன் சாப்பாடு) வாங்கி டெக்ல, அதான் மேல்தளத்துல, உக்காந்து சாப்பிடும். அந்த நாலு பெட்ல லைஃப் ஜாக்கெட்டும் ஈரத் துண்டும்தான் தூங்கும்.

பேப்பர் விஷயம் ஒண்ணு. 9 மீட்டருக்கு மேல உள்ள பாய்மர போட்டுக்கும் 15 எச்.பி.க்கு மேல எஞ்சின் உள்ள போட்டுக்கும் சம்சாவோட (தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையம்) ஸ்கிப்பர் சர்டிஃபிகேட், அதான் போட் ஓட்டுறவருக்கான சான்றிதழ், வேணும். 31 அடி 9.4 மீட்டர், கோட்டைத் தாண்டிருது. 26 அடி 7.9தான். அதுக்காக 26 வாங்கி கோர்ஸ் படிக்காம இருந்துராத, எந்த போட்டா இருந்தாலும் படிச்சிரு.

செலவுன்னா, போட் விலைல வருசத்துக்கு பத்துல ஒரு பங்கு தனியா எடுத்து வைன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, பழைய போட்டுக்கு அதுக்கும் மேல போகும். ட்ரெய்லர்ல வீட்டு வாசல்ல நிறுத்துற உனக்கு இந்தச் செலவு இதுவரைக்கும் தெரியாது: மரினா வாடகை, வருசா வருசம் மேல தூக்கி அடிப்பக்கத்துக்குப் பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க ஆன்டிஃபவுலிங் பெயின்ட், இன்ஷூரன்ஸ். ஸ்டேண்டிங் ரிக்கிங், அதான் பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்குற கம்பிங்க, எப்ப மாத்துனதுன்னு பில்லோட கேளு, பத்து பன்னெண்டு வருசம் தாண்டியிருந்தா நெறைய இன்ஷூரன்ஸ்காரங்க மாத்தச் சொல்லுவாங்க, அந்தச் செலவை விலைல கழிச்சுப் பேசு. எஞ்சின் புரொப்பல்லரைச் சுத்துறது செயில்டிரைவ் வழியா, இல்ல நீளமான ஷாஃப்ட் தண்டு வழியான்னு பாரு. செயில்டிரைவ்னா போட் அடில ஒரு பெரிய ஓட்டையை ரப்பர் சீல் ஒண்ணுதான் அடைச்சுக்கிட்டு இருக்கு, எஞ்சின் கம்பெனி வோல்வோ பென்டா அதை 7 வருசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. விக்கிறவன்கிட்ட எப்ப மாத்துனன்னு கேட்டு அவன் மூஞ்சியைப் பாரு. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிச்சவன் கதை ஆயிரக்கூடாது.

என் கதையையும் சொல்லிர்றேன். நான் அந்தத் தாவலைத் தாவுனவன். வாங்குன மூணாவது மாசம், ராத்திரி பூரா மழை பெஞ்ச மறுநாள் காலைல கிளம்புனேன். உம்பிலோ ஆறும் உம்லட்டுசானா ஆறும் வந்து கலக்குற துறைமுகம், மழை பெஞ்சா நாணலும் பாட்டிலும் பாலித்தீனும் அப்படியே மிதந்து வரும். துறைமுக வாயை நெருங்கும்போது எஞ்சின் அலாரம் கத்துது, பின்னாடி எட்டிப் பாத்தா எக்ஸாஸ்ட்ல தண்ணி வரல, வெறும் புகை. கூலிங் தண்ணி உறிஞ்சுற இடத்துல ஒரு ரொட்டி கவர் ஒட்டிக்கிச்சு. எதிர்ல கன்டெய்னர் கப்பல் உள்ள வருது. 22 அடி போட்னா அவுட்போர்டைத் தூக்கி கையாலயே கவரைப் பிச்சுப் போட்டிருப்பேன், இதுல அது தண்ணிக்கு அடில இருக்கு. பதறிப்போய் முன்பாயைப் பாதி விரிச்சு எப்படியோ ஓரத்துக்குக் கொண்டு வந்தோம். அதுக்கப்புறம் என் மனைவி ஆறு மாசம் போட்ல கால் வைக்கல. நஷ்டம்னா எனக்கு அதுதான் நஷ்டம், ரெண்டு தடவை வாங்கி விக்கிற கமிஷன் இல்ல.

அதனால 26லேருந்து 28க்குள்ள, உள்ள சின்ன டீசலோ கிணறு மாதிரி இடத்துல அவுட்போர்டோ உள்ளது, கீல் நிரந்தரமா இருக்குறது, டர்பன்லயே ஓடுன போட்டா பாரு. எல்26ங்கிறது லிப்டன் கப் பாய்மர ரேஸ்ல பல வருசம் ஓடுன போட், ஊர்ல நெறைய கிடக்கு, வேகம் நல்லா இருக்கும், ஆனா அது ரேஸ் போட், குழந்தைங்களுக்கு உள்ள வசதி கம்மி, பாத்துக்க. பழைய போட்டை முதல்ல வித்துரு, ரெண்டு போட் வெச்சிருக்குற மாசம் மாதிரி தூக்கம் கெடுற மாசம் வேற இல்ல. மரினால கட்ட இடம் எழுத்துல வாங்காம முன்பணம் குடுக்காத. இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு சீசன் டர்பன் கிளப் ரேஸ்ல யார் போட்லயாவது ஆளா ஏறு, முப்பது அடி போட்காரன் எல்லாம் எப்பவும் ஆள் தேடிக்கிட்டேதான் இருப்பான், அவன் போட்ல நீ பழகலாம், பெயின்ட் காசும் அவனோடது.

கேள்வி: கேப் டவுன்ல ஒருத்தர்கிட்ட 28 அடி போட் வாங்குனேன், பேப்பர்ல ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’னு எழுதியிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி சர்வே, அதான் நிபுணரை வெச்சுப் பரிசோதனை, பண்ணல, தப்புதான். மூணு வாரத்துல பாத்தா பாய்மரத்துக்குப் பக்கத்துல டெக் மிதிச்சா அமுங்குது. கார்பெட்டைத் தூக்குனா புதுசா மாவு பூசி பெயின்ட் அடிச்ச தடம். காசு திரும்ப வருமா?

பதில்: ஃபுட்ஸ்டூட்ஸ்னா ‘இருக்குற கோலத்துலயே வாங்கிக்கிறேன்’னு அர்த்தம். அது விக்கிறவனுக்கே தெரியாத உள்குறைக்குத்தான் கவசம். தெரிஞ்சே மறைச்சிருந்தா அந்த வார்த்தை அவனைக் காப்பாத்தாது, ஆனா தெரிஞ்சு மறைச்சான்னு நிரூபிக்கிறது உங்க பாடு. அந்தப் புது பெயின்ட் தடம்தான் உங்க கைல இருக்குற ஒரே துருப்பு, அதைச் சுரண்டிராதீங்க. தேதியோட போட்டோ எடுங்க, விக்கிறவனுக்குத் தெரியாத சர்வேயர் ஒருத்தரைக் கூப்பிட்டு எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க, அவனோட வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்ணு விடாம வைங்க.

2008 வருச நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்க கைகொடுக்காது, சொந்த போட்டை ஒரு தடவை விக்கிற தனியாள் அதுல வரமாட்டார். அதே போட்டை தொழிலா விக்கிற டீலர்கிட்ட வாங்கியிருந்தா 6 மாசத்துக்குள்ள ரிப்பேரா, மாத்திக் குடுக்குறதா, பணமான்னு நீங்களே கேக்கலாம். புரோக்கர் நடுவுல இருந்தார்னா ரசீதுல விக்கிறவர் பேர் யாருன்னு பாருங்க, பல சமயம் புரோக்கர் பேர் அதுல இருக்காது. 20,000 ராண்ட் வரைக்கும்னா வக்கீல் இல்லாம ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல போடலாம், டெக் ரிப்பேர் அதைத் தாண்டும்னுதான் நினைக்கிறேன், அப்ப வக்கீலைப் பாருங்க.

படிக்கிற மத்தவங்களுக்கு: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு ராண்ட் காசை எடுத்து டெக் பூரா தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடத்துல டக் டக்னு கேக்கும், உள்ள பால்சா மரம் ஊறிப்போன இடத்துல தொப்புன்னு ஒரு செத்த சத்தம் வரும். முழு சர்வேக்கு இது ஈடு இல்ல, ஆனா சர்வேக்குக் காசு செலவழிக்கலாமா வேணாமான்னு பத்து நிமிசத்துல சொல்லிரும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பெரிய போட்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். எனக்கு போட் பத்தி ஒண்ணும் தெரியாது. அடுத்த வாரம் ட்ரையல் போறோம், நான் என்ன பாக்கணும்?

பதில்: அக்கா, ட்ரையல்ல அவரை உக்கார வெச்சுட்டு நீங்க ஓட்டுங்க. அவர் தண்ணில விழுந்துட்டார்னு வெச்சுக்கிட்டு நீங்க ஒருத்தரே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பாயைச் சுருட்டி, போட்டைத் திருப்பி நிறுத்த முடியுதான்னு பாருங்க. முடியலன்னா அந்த போட் உங்க ரெண்டு பேருக்கும் பெருசு. அப்புறம் டாய்லெட்டை நீங்களே பம்ப் பண்ணிப் பாருங்க, ஆம்பளைங்க யாரும் அதைப் பாக்குறதே இல்ல.