வாசகர் கேள்விகள்: ஏடிவி ஓட்டத் தனிப் பயிற்சி எதற்கு?

ஏடிவி என்றும் குவாட் பைக் என்றும் அழைக்கப்படும், கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட நான்கு சக்கர வண்டியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன், காரும் ஓட்டுவேன். நான்கு சக்கரம் உள்ள ஏடிவி, இரண்டு சக்கர வண்டியைவிடப் பத்திரமானதுதானே? அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். சொல்லப்போனால் மோட்டார் சைக்கிள் பழக்கம் உள்ளவர்களுக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. நிலைதடுமாறும்போது காலைத் தரையில் ஊன்றுவது அவர்களுக்கு யோசிக்காமலே வரும் செயல். ஏடிவியில் அப்படி ஊன்றிய கால் பின்சக்கரத்துக்கு அடியில் இழுபட்டுவிடக்கூடும். ஆகவே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரு பாதங்களும் கால்மிதிகளிலேயே இருக்க வேண்டும் என்பது தொடக்கப் பாடங்களில் ஒன்று.

நான்கு சக்கரம் இருப்பதால் கவிழாது என்பது தவறான நம்பிக்கை. மேடுபள்ளங்களில் அடிப்பாகம் தட்டாமலிருக்க வண்டி உயரமாக நிற்கிறது. ஒடுங்கிய தடங்களில் நுழைந்து போக வேண்டுமென்பதால் அகலம் குறைவாக இருக்கிறது. உயரமும் அகலக் குறைவும் சேர்ந்தால் கவிழ்வது எளிது. போதாக்குறைக்கு, பல மாடல்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருக்கின்றன. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள்வதற்கு டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இடம் கொடுக்கிறது. அது இல்லாத ஏடிவியில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், உள்பக்கச் சக்கரம் சற்றே வழுக்கினாலொழிய வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். அதனால்தான் பயிற்சி பெற்றவர் திருப்பத்தில் இருக்கையில் சற்று முன்னே நகர்ந்து, வெளிப்பக்கக் கால்மிதியை அழுத்தியபடி, மேலுடம்பை வளைவின் உட்புறமாகச் சாய்க்கிறார். காரில் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினால் போதும். ஏடிவியில் ஓட்டுபவரின் உடம்பும் வண்டியின் ஒரு பாகம். அந்தப் பாகத்தை இயக்கக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

கேள்வி: இருக்கை தாராளமாக இருவர் உட்காரும் நீளத்துக்கு இருக்கிறது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்கிறார்களே, ஏன்?

பதில்: மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக விடப்பட்டது. பின்னால் ஒருவர் அமர்ந்தால் ஓட்டுபவரால் பின்னால் நகர முடியாது. எடை பின்னச்சின் மேல் குவிவதால் ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொள்வது இதைவிட மோசம், ஏனெனில் அது கைப்பிடியின் அசைவையே தடுக்கும். அச்சுகளுக்கிடையே நீளம் கூட்டி, பின்னிருக்கைக்குத் தனிக் கைப்பிடியும் கால்மிதியும் வைத்து இருவருக்கென்றே செய்யப்பட்ட மாடல்கள் உண்டு. அவற்றில் மட்டும் ஒருவரை ஏற்றலாம்.

கேள்வி: தோட்டத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் போக, தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் என்ன?

பதில்: ‘கொஞ்ச தூரம்தானே’ என்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஏடிவியின் டயர்கள் மிகக் குறைந்த காற்றழுத்தத்தில், பல மாடல்களில் 3 முதல் 7 பிஎஸ்ஐ வரை மட்டுமே வைத்து ஓட்டப்படுபவை. மண்ணிலும் சேற்றிலும் மெத்தென்று படிந்து பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. மண்ணில் எளிதாக வழுக்கிக் கொடுக்கும் உள்பக்கச் சக்கரம் தார்ச்சாலையில் இறுகப் பிடித்துக்கொள்வதால், திருப்பத்தில் வண்டி எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும். வேகமும் சேர்ந்தால் கவிழ்ந்துவிடும். கார், லாரி ஓட்டுபவர்களின் கண்ணில் இந்தச் சிறிய வண்டி எளிதில் படாது என்பது வேறு கதை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடும். சாலையைக் குறுக்கே கடப்பதற்கு அனுமதி உள்ள இடத்தில், ஓரத்தில் முழுவதுமாக நிறுத்தி, இருபுறமும் பார்த்து, சாலைக்கு நேர் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

கேள்வி: பதினோரு வயது மகன் ஏடிவி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். பெரியவர்களின் வண்டியையே மெதுவாக ஓட்டப் பழக்கலாம் என்கிறார் என் சகோதரர். எந்த வயதில் தொடங்கலாம்?

பதில்: சகோதரரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பெரியவர்களுக்கான வண்டிகளில் பல 250 முதல் 350 கிலோ வரை எடை கொண்டவை. மெதுவாகப் போகும்போதும் அவை கவிழும்; கவிழ்ந்த வண்டியைத் தன் மேலிருந்து தள்ள ஒரு சிறுவனால் முடியாது.

அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள தரநிலை, வண்டிகளை வயதுவாரியாகப் பிரிக்கிறது. 6 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகாது. 10 வயதுக்கும் 12 வயதுக்கும் மேற்பட்டோருக்கானவற்றின் உச்ச வேகம் 48 கிலோமீட்டர். வேகத்தை இன்னும் குறைத்து வைக்கும் கருவியும் இவற்றில் உண்டு. அதைப் பெற்றோர் தங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். முழு அளவுப் பெரிய வண்டிகள் 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. 16 வயதுக்குக் கீழ் எவரும் எந்த ஏடிவியையும் ஓட்டக் கூடாது என்பது அதன் நிலை. உடல் வலிமையைவிட, கண நேரத்தில் ஆபத்தை எடைபோடும் பக்குவத்தை அது முன்வைக்கிறது. எனக்கும் அந்தப் பக்கமே மனம் சாய்கிறது.

இருந்தும் வாங்குவதென்று முடிவானால், தரநிலை சொல்லும் வயதை மட்டும் பார்க்காமல் பையனை வண்டியில் ஏற்றிப் பாருங்கள். கால்மிதிகளில் நின்றால் அவனுக்கும் இருக்கைக்கும் இடையே மூன்று முதல் ஆறு அங்குல இடைவெளி தெரிய வேண்டும். உட்கார்ந்தால் கைப்பிடியை எட்டிய பிறகும் முழங்கைகள் மடங்கியே இருக்க வேண்டும். பிறகு கைப்பிடியை ஒரு பக்கம் முழுவதும் ஒடிக்கச் சொல்லுங்கள். அந்த நிலையிலும் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைக் கட்டைவிரலால் அழுத்தவும் விடவும் முடிகிறதா, விரல்களின் முதல் கணு பிரேக் நெம்பைத் தாண்டிப் போகிறதா என்று கவனியுங்கள். நேராகப் பிடித்திருக்கும்போது எட்டும் கை, ஒடித்தபின் எட்டாமல் போவது உண்டு. எட்டாவிட்டால் அந்த வண்டி அவனுக்கு ஆகாது. எல்லாம் சரியாக இருந்தாலும், 16 வயது வரை பெரியவர் ஒருவர் பார்வையிலேயே ஓட்ட வேண்டும். பார்வை என்பது கைபேசியை நோண்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பது அல்ல.

கேள்வி: மேட்டில் ஏறும்போது பாதியில் வண்டி திணறி நின்றுவிடுகிறது. சில சமயம் பின்னோக்கி உருளவும் தொடங்குகிறது. அப்போது என்ன செய்வது?

பதில்: வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். அடிவாரத்திலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றி, தேவையான வேகத்தை அங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கையில் முன்னே நகர்ந்து முன்புறம் குனிய வேண்டும். மேடு செங்குத்தாக இருந்தால் கால்மிதியில் எழுந்து நின்று, உடம்பின் எடையை முன்சக்கரங்களின் பக்கம் கொண்டுபோக வேண்டும். நடுவழியில் திடீரென்று த்ராட்டிலை அழுத்தினால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத மேட்டில் ஏறவே வேண்டாம்.

வண்டி நின்றுவிட்டால் எடையை மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு பிரேக்கைப் பிடியுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் போட்டபின் மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். உருளத் தொடங்கிவிட்டால் பலரும் பதறிப்போய்ப் பின்பிரேக்கை மிதித்துவிடுகிறார்கள். பின்னோக்கி ஓடும் வண்டியின் பின்சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொண்டால், முழு எடையும் அவற்றைச் சுற்றிப் புரண்டு பள்ளத்தை நோக்கிக் கவிழும். முன்பிரேக்கை மட்டும் படிப்படியாக அழுத்தி, முழுவதும் நின்ற பிறகே பின்பிரேக்கைச் சேர்க்க வேண்டும். எஞ்சினுக்கு விசை கொடுத்து மேலே போகப் பார்ப்பதும் கூடாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் நெம்பு உள்ள மாடல்களில் இம்முறை சற்று மாறும் என்பதால், உங்கள் வண்டியின் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டே மேடு ஏறுங்கள். வண்டி கையைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்ற முயலாமல் மேட்டுப் பக்கமாகக் குதித்து விலகிவிடுங்கள்.

இறக்கத்தில் உடம்பு பின்னே போக வேண்டும். தாழ்ந்த கியரில், எஞ்சின் இழுவையோடு, நேராக இறங்க வேண்டும், நியூட்ரலில் அல்ல. சரிவில் பக்கவாட்டாகப் போக நேர்ந்தால் மேட்டுப் பக்கம் சாயுங்கள். கூடியவரை அதைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: பயிற்சியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எத்தனை நாள் ஆகும்?

பதில்: அமெரிக்காவில் 1988-இல் தொடங்கப்பட்ட ஏடிவி பாதுகாப்பு நிறுவனத்தின் அடிப்படை வகுப்பு ஏறத்தாழ அரை நாளில் முடிந்துவிடும். பெரும்பகுதி வண்டியின் மேல்தான். கிளப்புவது, நிறுத்துவது, அகலமாகவும் குறுகலாகவும் திரும்புவது, அவசரமாக நிறுத்துவது, தடையை விலக்கி ஒடிப்பது, குறுக்கே கிடக்கும் கட்டையின் மேல் ஏறி இறங்குவது, மேடு ஏறுவது என்று ஒவ்வொன்றையும் பயிற்றுநரின் கண்முன்னே செய்ய வேண்டும். தெரிந்தவர் ஒருவர் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துப் பழகுவது இதற்கு ஈடாகாது. அவருடைய தவறான பழக்கமும் சேர்ந்தே உங்களுக்கு வந்துவிடும்.

கேள்வி: வேலைக்காக ஏடிவியில் மருந்து தெளிக்கும் தொட்டியைக் கட்டியும், டிரெய்லரை இழுத்தும் செல்கிறோம். கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: கேரியரின் சுமை வரம்பு வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும், சுமை அதைத் தாண்டக் கூடாது. பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியைவிடத் தொல்லை தரும், ஏனெனில் திருப்பத்திலும் சரிவிலும் திரவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, சாயும் வண்டியை மேலும் சாய்க்கும். தடுப்புகள் வைத்த தொட்டிகள் இதைக் குறைக்கின்றன. இழுக்கும் கயிற்றையோ சங்கிலியையோ இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். கேரியர் கம்பியில் கட்டி இழுத்தால் இழுவிசை உயரத்திலிருந்து வேலை செய்து, முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

அயர்லாந்தில் 2023 நவம்பர் முதல், வேலைக்காகக் குவாட் பைக் ஓட்டுபவர்கள் பயிற்சி முடித்திருப்பதும் தலைக்கவசம் அணிவதும் சட்டப்படி கட்டாயம். ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது: 2021 அக்டோபர் முதல் அங்கு விற்கப்படும் புதிய பொதுப் பயன்பாட்டு வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுக்காமல் தடுக்கும் பாதுகாப்புச் சட்டகம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இதை எதிர்த்துச் சில தயாரிப்பாளர்கள் அந்தச் சந்தையைவிட்டே வெளியேறினார்கள். அந்தச் சட்டகமே ஓட்டுபவரைக் காயப்படுத்தக்கூடும் என்பது அவர்கள் வாதம். கவிழ்ந்த வண்டிக்கு அடியில் மூச்சுத்திணறி இறப்பவர்களை நினைத்தால், வேலைக்குப் பயன்படும் வண்டியில் அது இருப்பதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: பழைய மூன்று சக்கர ஏடிவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1970-இல் ஹோண்டா சந்தைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டிதான் இந்த வகைக்கு முன்னோடி. கவிழும் விபத்துகள் பெருகியதால், 1988-இல் அமெரிக்க அரசுடன் செய்த நீதிமன்ற உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். 2008-இல் வந்த சட்டம் அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது.

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதுமா? கிளம்புமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: தரச்சான்று பெற்ற மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதும், சைக்கிள் ஹெல்மெட் போதாது. முகக் கண்ணாடி இல்லாத ஹெல்மெட் என்றால் காகிள்ஸ் கட்டாயம், ஏனெனில் கிளையோ பூச்சியோ கண்ணில் பட்டால் கை தன்னால் கைப்பிடியை விட்டுவிடும். கையுறை, முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவையும் வேண்டும். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

டயரின் காற்றைச் சாதாரணக் கேஜால் அளக்காதீர்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தை அது துல்லியமாகக் காட்டாது. தாழ்ந்த அழுத்தத்துக்கென்று உள்ள கேஜை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இடது வலது டயர்களுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, ஒவ்வொரு நிலையிலும் த்ராட்டிலை அழுத்தி விட்டுப் பாருங்கள். விட்டவுடன் அது தானாகத் திரும்பி வர வேண்டும். பிரேக், விளக்கு, எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், ஆயில், பெட்ரோல், செயினின் தொய்வு, தளர்ந்த நட்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், போயே ஆக வேண்டுமென்றால் எந்தத் தடத்தில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.