டாக்டர் படிப்பு இல்லாமல் எபிடெமியாலஜி பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி: என் மகள் உயிர் அறிவியலில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறாள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, அதன் பிறகு பிஎச்.டி., பிறகு பல்கலைக்கழகத்தில் எபிடெமியாலஜி (நோய்கள் மக்களிடையே எப்படி, ஏன் வருகின்றன என்று ஆராயும் துறை) கற்பிக்க வேண்டும் என்கிறாள். சுகாதாரக் கல்வியிலும் ஆர்வம் இருக்கிறது. மருத்துவப் பட்டம் இல்லாதவருக்கு இந்தத் துறையில் மதிப்பு இருக்குமா? எத்தனை ஆண்டு பிடிக்கும்? நிலையான வேலை கிடைக்குமா?

பதில்: முதல் கேள்விக்கு இந்தத் துறையின் வரலாறே பதில் சொல்கிறது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய 1950-ம் ஆண்டு ஆய்வை ரிச்சர்ட் டாலுடன் சேர்ந்து எழுதிய ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் மருத்துவர் இல்லை. மருத்துவம் படிக்க விரும்பியவரை முதல் உலகப் போரின்போது காசநோய் படுக்கையில் தள்ளியது. உடல் தேறிவரும் காலத்தில் அஞ்சல் வழியில் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். பின்னாளில் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராப்பிக்கல் மெடிசினில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியராக இருந்தார். மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கும் இங்கே இடம் உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆனாலும் நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில நாடுகளில் மருத்துவக் கல்லூரிக்குள் இயங்கும் சமூக மருத்துவத் துறைகளில் ஆசிரியர் பதவிக்கு மருத்துவப் பட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். தனியாக இயங்கும் பொதுச் சுகாதாரப் பள்ளிகளில் பெரும்பாலும் அந்தத் தடை கிடையாது. மகள் எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறாரோ, அந்த நாட்டின் ஆசிரியர் நியமன விதியை முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிடுங்கள். பிஎச்.டி. முடித்த பிறகு இந்த விதியைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. அது வீணான வேதனை.

இனி படிப்பு. முதுகலையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் போய்ச் சேரும் இடம் வேறு. எம்பிஎச் (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) என்பது களப்பணிக்கும் நிர்வாகத்துக்கும் ஆளைத் தயார் செய்யும் அகன்ற படிப்பு: சுகாதாரக் கொள்கை, சுற்றுச்சூழல், மேலாண்மை, கொஞ்சம் புள்ளியியல். எபிடெமியாலஜியில் எம்எஸ்சி என்றால் ஆய்வு முறையும் புள்ளியியலும்தான் பெரும்பகுதி. பேராசிரியர் பணி என்பதில் மகள் உறுதியாக இருந்தால் எம்எஸ்சி நேரான வழி. எம்பிஎச் எடுத்தாலும் பாதகமில்லை. அதில் ஆய்வுக்கட்டுரை கட்டாயமா, ரிக்ரெஷன் (ஒரு அளவு மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் முறை) வரை புள்ளியியல் கற்பிக்கிறார்களா என்று பாடத்திட்டத்தில் பாருங்கள். ஆய்வுக்கட்டுரைக்குப் பதில் பயிற்சி அறிக்கை மட்டும் எழுதி வெளியே வருபவர், பிஎச்.டி. விண்ணப்பத்தில் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பார். அதேபோல டிஆர்பிஎச் (டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) என்ற முனைவர் பட்டம் சுகாதார நிறுவனங்களை வழிநடத்தப்போகிறவர்களை மனத்தில் வைத்து அமைத்தது. ஆய்வும் கற்பித்தலும்தான் இலக்கு என்றால் பிஎச்.டி.யே பொருத்தம்.

உயிர் அறிவியலிலிருந்து வருபவர்கள் இடறுவது கணக்கில்தான். நோயைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும். லாகரிதம் வந்தால் கை நின்றுவிடும். முதுகலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் நிகழ்தகவு, லாகரிதம், நேர்கோட்டு ரிக்ரெஷன் மூன்றையும் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் தினமும் ஒரு மணி நேரம் பழகட்டும். பல துறைகளில் ‘ஸ்டேட்டா’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. ஒன்றில் கை பழகினால் இன்னொன்றுக்கு மாறுவது சில வார வேலை. பழகுவதற்குத் தரவு வேண்டுமே என்றால், அமெரிக்காவின் ‘என்ஹேன்ஸ்’ என்ற தேசிய சுகாதார, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பழக்கத்தில் அவர் முதலில் கற்க வேண்டியது தரவைச் சுத்தம் செய்வது. எபிடெமியாலஜியில் ஆய்வாளரின் நேரத்தை அதிகம் தின்பது இதுதான். வயது தெரியாதவர்களுக்கு 999 என்று குறித்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் முடிவே தலைகீழாகும். ஒரு கோப்பில் நாள் முன்னால், இன்னொன்றில் மாதம் முன்னால் இருக்கும். ஒரே நோயாளி இரண்டு எண்களில் பதிவாகியிருப்பார். இந்த வேலையில் சலிப்பு வருகிறதா, ‘இது எப்படி நடந்தது’ என்று துப்பு துலக்கும் ஆர்வம் வருகிறதா என்று மகள் தன்னையே கவனிக்கட்டும். இரண்டாவது வந்தால், துறைத் தேர்வு சரி.

அடுத்து பிஎச்.டி. பிரிட்டன் பாணியில் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகள். நேரடியாக ஆய்வில் இறங்க வேண்டும். அமெரிக்க பாணியில் முதலில் பாடங்களும் தகுதித் தேர்வும் இருப்பதால் நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள்வரை போகும். முதுகலையில் புள்ளியியல் அடித்தளம் மெலிந்திருந்தால், நீளம் அதிகமானாலும் இரண்டாவது முறையே நல்லது.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆய்வுக்கு வழிகாட்டப்போகும் பேராசிரியரைப் பாருங்கள். பெற்றோர் இதைத்தான் கேட்பதே இல்லை, ஆனால் அந்த நான்கைந்து ஆண்டுகள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு ஆள். அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டைப் படித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் மகள் கடிதம் எழுதட்டும்: நான் யார், உங்கள் எந்த ஆய்வில் எந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது, எனக்கு என்ன செய்யத் தெரியும். பொதுவாக எழுதி ஐம்பது பேருக்கு அனுப்பும் கடிதம் முதல் வரியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். பதில் வந்த பிறகு, அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களைத் தனியாகத் தொடர்பு கொண்டு விசாரிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தம் வருகிறது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள்? மாணவர் செய்த வேலையில் வரும் கட்டுரையில் முதல் ஆசிரியராக (முதன்மையாக எழுதியவராக) யார் பெயர் வருகிறது? தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா, இல்லை ‘வந்துவிடும்’ என்ற நிலையில் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியில் கறாராக இருக்க வேண்டும். ‘வந்துவிடும்’ என்ற தரவை நம்பித் தொடங்கிய பிஎச்.டி., இரண்டாம் ஆண்டு முடிவில் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்துக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. பாதுகாப்பான அமைப்பு என்று ஒன்று உண்டு. ஆய்வேட்டை மூன்று கட்டுரைகளாகப் பிரிப்பது. முதலாவது, ஏற்கெனவே வெளியான ஆய்வுகளை முறையாகத் தொகுத்து மதிப்பிடுவது. இதற்குப் புதுத் தரவு வேண்டாம். இரண்டாவது, கையில் உள்ள தரவை அலசுவது. மூன்றாவதில் மட்டும் புதிதாகத் தரவு திரட்டுவது. மூன்றாவது தாமதமானாலும் மற்ற இரண்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

புதுத் தரவு என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே கையில் வேண்டும். திரட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. அந்தத் தரவை வைத்து எழுதிய கட்டுரையை இதழ்களும் ஏற்காது. மாதிரி அளவில், அதாவது எத்தனை பேரை ஆய்வுக்கு எடுப்பது என்பதில், நடக்கும் தவறு இன்னொன்று. 384 என்ற எண்ணை மாணவர்கள் மந்திரம்போல ஒப்பிப்பார்கள். அது எங்கிருந்து வருகிறது? 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் புள்ளி பிழை வரம்பு, பாதிப் பேருக்கு அந்தத் தன்மை இருக்கும் என்ற அனுமானம், தனித்தனி ஆட்களை எளிய முறையில் தேர்ந்தெடுப்பது. கிராமம் கிராமமாகவோ வகுப்பு வகுப்பாகவோ கொத்தாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே கொத்தில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு என்று கொண்டால் 768. பத்தில் ஒருவர் பதில் சொல்ல மாட்டார் என்று வைத்தால் 854. இந்தக் கணக்கைப் போடாமல் 384 பேரோடு திரும்பி வந்தால், தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

சுகாதாரக் கல்வியில் ஆர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எபிடெமியாலஜிக்குத் துணைப் பாடமாக நினைக்க வேண்டாம். 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த உளவியலாளர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். காசநோயைக் கண்டறிய இலவசமாக எக்ஸ்-ரே எடுக்க வண்டியே பக்கத்தில் வந்து நின்றது. ஆனாலும் பலர் வரவில்லை. ஏன்? தனக்கு அந்த நோய் வரக்கூடும் என்று ஒருவர் நம்புகிறாரா, வந்தால் கடுமை என்று நினைக்கிறாரா, பரிசோதனையால் பலன் உண்டு என்று கருதுகிறாரா, எது தடுக்கிறது என்று பிரித்துப் பார்த்ததில் பிறந்ததுதான் இன்றும் வகுப்புகளில் கற்பிக்கும் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’. இரண்டு துறைகளும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1972-ல் பின்லாந்தின் வடக்கு கரேலியாவில் தொடங்கிய இதயநோய்த் தடுப்புத் திட்டம் எடுத்துக்காட்டு: ஆபத்துக் காரணிகளை அளந்தவர்களே மக்களின் பழக்கத்தை மாற்றும் வேலையையும் திட்டமிட்டார்கள், மாற்றத்தைத் திரும்ப அளந்தார்கள். சுகாதாரக் கல்வி ஆய்வுகள் பல பலவீனமாக முடிவதற்குக் காரணம், ‘விழிப்புணர்வு முகாமுக்குப் பின் மதிப்பெண் கூடியது’ என்பதோடு நின்றுவிடுவது. ஒப்பிட இன்னொரு குழு இருக்காது. ஆறு மாதம் கழித்து யார் நடத்தையை மாற்றினார்கள் என்று பார்த்திருக்க மாட்டார்கள். எபிடெமியாலஜி முறை தெரிந்த ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் அவருக்கு நிறைய வேலை இருக்கிறது. இரண்டையும் இணைப்பதைத்தான் மகளுக்கு மனதாரப் பரிந்துரைக்கலாம்.

கட்டுரை வெளியிடுவதில் எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். முதல் ஆசிரியராக இரண்டு, மூன்று திடமான கட்டுரைகள், பத்தாவது பெயராக வந்த பதினைந்தைவிட மேல். அவதானிப்பு ஆய்வு (தலையிடாமல் நடப்பதைக் கவனித்து அளக்கும் ஆய்வு) என்றால், கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரையறுக்கும் ‘ஸ்ட்ரோப்’ பட்டியலின் 22 அம்சங்களையும் எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அனுப்பும் நாளில் தேடக் கூடாது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே போட வேண்டாம். அப்படி வந்த கட்டுரை பிற்பாடு நேர்காணலில் எதிராகவே நிற்கும்.

காலக்கணக்கு: இளங்கலைக்குப் பின் முதுகலை ஒன்று அல்லது இரண்டு ஆண்டு, பிஎச்.டி. மூன்றிலிருந்து ஆறு, அதன்பின் போஸ்ட் டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) பெரும்பாலும் இரண்டு, மூன்று. முதல் கற்பித்தல் பணி கிடைக்கும்போது முப்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் ஓராண்டு ஒரு ஆய்வுத் திட்டத்திலோ சுகாதாரத் துறையிலோ வேலை பார்ப்பது நல்லது. களத்தில் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனவர் எழுதும் ஆய்வுத் திட்டத்தில் அந்த அனுபவம் தெரியும். உதவித்தொகை இல்லாத பிஎச்.டி. இடத்தை மட்டும், கடன் வாங்கியாவது சேரலாம் என்று ஏற்காதீர்கள். இன்னொரு ஆண்டு காத்திருந்து விண்ணப்பிப்பதில் இழப்பு குறைவு.

நிலையான வேலையா என்றால், பதவியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பல பொதுச் சுகாதாரப் பள்ளிகளில் பேராசிரியர் சம்பளத்தின் கணிசமான பகுதியை அவரே ஆய்வு நிதியிலிருந்து ஈட்ட வேண்டும். நிதி நின்றால் பதவியும் ஆடும். கற்பித்தலை மையமாகக் கொண்ட பதவிகளில் அந்த நெருக்கடி குறைவு, வகுப்புச் சுமை அதிகம். பணி ஆணை வரும்போது சம்பளத்தில் எத்தனை பங்கு நிறுவனம் தருகிறது, எத்தனை ஆண்டுக்கு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒத்துவராவிட்டால் அரசுச் சுகாதாரத் துறை, பன்னாட்டு அமைப்புகள், மருந்துப் பாதுகாப்பு ஆய்வு என்று இதே திறமைக்கு வேறு கதவுகளும் உண்டு.

விண்ணப்பப் படிவங்களைத் திறப்பதற்கு முன் மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒரு தொட்டியின் தண்ணீரைக் குடித்த 200 பேரில் 30 பேருக்கு வயிற்றுப்போக்கு. குடிக்காத 300 பேரில் 15 பேருக்கு. குடித்தவர்களிடம் 15 சதவீதம், குடிக்காதவர்களிடம் 5 சதவீதம். ரிஸ்க் ரேஷியோ (இந்த இரண்டு சதவீதங்களின் விகிதம்) 3. இதே எண்களில் ஆட்ஸ் ரேஷியோ (ஒவ்வொரு குழுவிலும் நோய் வந்தவர்களை வராதவர்களால் வகுத்து, அந்த இரண்டையும் ஒப்பிடும் விகிதம்) போட்டால் 3.35 வரும். ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை என்று அவர் யோசிக்கட்டும்: நோய் அரிதாக இருந்தால் நெருங்கியிருக்கும், இங்கே அரிதாக இல்லை. அதோடு நின்றுவிடாமல், யார் குடித்தார்கள் என்று எப்படித் தெரிந்தது, நோய் வந்தவர்கள் மட்டும் குடித்ததை நன்றாக நினைவு வைத்திருப்பார்களோ, குடிக்காத அந்த 300 பேர் வேறு தெருவிலோ வேறு வயதிலோ இருப்பவர்களா என்று அவராகவே கேட்கத் தொடங்கினால், தைரியமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.