புத்தகத்தில் ஒரு எஞ்சின், போனட்டுக்குள் இன்னொன்று

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்:

"வயது 27. மூன்று மாதத்துக்கு முன் குருநாகலில் ஒருவரிடம் 2008ஆம் ஆண்டு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை 55 இலட்சத்துக்கு வாங்கினேன். அம்மா நகையை அடகு வைத்துத் தந்த காசும் அதில் இருக்கிறது. 'ஒரிஜினல் ஸ்போர்ட்' என்றுதான் இணைய விளம்பரத்தில் போட்டிருந்தார். வாங்கிய முதல் கிழமையே சஸ்பென்ஷனை இறக்கினேன். பிறகு வவுனியாவில் சர்வீஸுக்கு விட்டபோது, இது சாதாரண ஸ்விஃப்ட், எஞ்சின் மட்டும் ஸ்போர்ட்டுடையது என்று மெக்கானிக் சொன்னார். ஒயிலும் குடிக்கிறது. அதற்குப் பிறகு சைலன்சரும் மாற்றினேன். மொத்தம் 4 இலட்சம் செலவு. விற்றவர் முதலில் என்னைக் கேவலமாகப் பேசினார். இப்போது 50 இலட்சம் தருகிறேன், வாகனத்தைக் கொண்டு வா என்கிறார். தரகர் போனே எடுப்பதில்லை. இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டு முழுக் காசும் நட்டஈடும் வாங்க வேண்டும். அடுத்த மாதம் டர்போ போட இருக்கிறேன். அதில் ஏதும் சட்டப் பிரச்சினை வருமா?"

தம்பி, முதலில் டர்போவை நிறுத்துங்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் முழுவதும் வாசித்து முடிக்கும்வரை அந்தக் காரில் ஒரு ஸ்பானர்கூட வைக்க வேண்டாம்.

அம்மாவின் நகை, கேட்ட பேச்சு, தரகர் போன் எடுக்காதது எல்லாம் மனதுக்குப் பெரியவை. எனக்கும் வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் இவற்றுக்கு எடை இல்லை. ஒயில் குடிப்பதற்கும் இல்லை. இத்தனை வயதான காரின் எஞ்சின் ஒயில் குடித்தால், பார்த்துத்தானே வாங்கினாய் என்று கேட்பார்கள்.

நீங்கள் அனுப்பிய சீஆர், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தின் படத்தில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. செசி இலக்கம் இசட்.சீ.21எஸ் என்று தொடங்குகிறது. எஞ்சின் கொள்ளளவு 1490 சீசீ என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்றால் இசட்.சீ.31எஸ், எம்16ஏ எஞ்சின், 1586 சீசீ. உங்கள் காரில் எம்16ஏ இருக்கிறது, புத்தகத்தில் 1490 சீசீ, அதாவது எம்15ஏ இருக்கிறது. உங்கள் பிரச்சினை முழுவதும் இதுதான்: புத்தகத்தில் உள்ள எஞ்சின் காரில் இல்லை, காரில் உள்ள எஞ்சின் யாருடையது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

வழக்குப் போட வேண்டும் என்கிறீர்கள். விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. விளம்பரப் படம் உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கம் நீங்கள் பலமாகவே நிற்கிறீர்கள். ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும், நட்டஈடு மட்டும் கேட்கலாம். ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. விற்றவருடைய பொருள் என்று நினைப்பவர் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாலும், நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகவே எடுப்பார்கள். சஸ்பென்ஷனைத் தெரியாமல் இறக்கினீர்கள், அதற்காக வாதாடலாம். மெக்கானிக் சொன்ன பிறகு சைலன்சரை மாற்றினீர்களே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது? டர்போவும் போட்டுவிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறு சாட்சியே தேவைப்படாது.

அதோடு, காசு கைமாறியது குருநாகலில். விற்றவர் இருப்பதும் அங்கே. வழக்கும் அங்கேதான் போகும், பதிவுகள் சிங்களத்தில் நடக்கும். ஒவ்வொரு தவணைக்கும் கிளிநொச்சியிலிருந்து முதல் நாளே வெளிக்கிட வேண்டும். 5 இலட்சம் வித்தியாசத்துக்காக எத்தனை வருடம் அலையத் தயார்?

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், உங்களைப் போலவே ஆசைப்பட்டு ஒரு சிவிக் ஹாட்ச்பெக் வாங்கினார். எஞ்சின் மாற்றியது. எண்ணம் நல்லதுதான், மெல்ல மெல்ல எல்லாம் சரிப்படுத்தலாம் என்று வைத்திருந்தார். பெயரும் மாற்றவில்லை. ஓப்பின் பேப்பரிலேயே, அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்துக் கொடுத்த படிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினார். ஒரு நாள் இரவு ஏ9 வீதியில், முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் மாடு குறுக்கே வந்தது. இந்தப் பாதையில் ஓடுகிற எவருக்கும் அது புதிதில்லை. வெட்டித் திருப்பியதில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரருக்குக் கால் முறிந்தது.

விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகனப் பரிசோதகர் காரைப் பார்த்தார். பிரேக் சரியாக இருந்தது. எஞ்சின் இலக்கம் சரியாக இருக்கவில்லை. விபத்து வழக்கு அங்கேயே வேறு வழக்காகவும் மாறியது: இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது, களவு எடுத்ததா? அவர் களவு எடுக்கவில்லை. ஆனால் காட்டக் கடதாசி இல்லை. கார் பொலிஸ் நிலைய வளவில் வெயிலிலும் மழையிலும் 14 மாதம் நின்றது. நீதவானிடம் விடுவிக்கக் கேட்டபோது, பதிவு உரிமையாளர் வரட்டும் என்றார்கள். புத்தகத்தில் பெயர் இருந்தவர் நீர்கொழும்பில். அவர் வந்து கையெழுத்து வைக்கக் காசு கேட்டார், கொடுத்தோம். காப்புறுதிக்காரர் வாகனச் சேதத்துக்கு ஒரு சதமும் தரவில்லை. காப்புறுதி பழைய உரிமையாளர் பெயரில், பழைய எஞ்சினுக்கு எடுத்தது, மாற்றியதை யாரும் அறிவிக்கவில்லை. கால் முறிந்தவருக்குச் சேர வேண்டியதும் கடைசியில் இவருடைய தலையில்தான் வந்து விழுந்தது. வயலில் ஒரு துண்டு விற்றார்.

உங்கள் நிலைமையும் இதுதான். இன்னும் மாடு குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான். விற்றவர் கையெழுத்து வைத்த பெயர் மாற்றுப் படிவங்கள் உங்கள் மேசை லாச்சிக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் மாற்றத்தை அறிவிக்க வேண்டிய 14 நாள் எப்போதோ கடந்துவிட்டது. தாமதத்துக்குக் காசு கட்டிச் சமாளிக்கலாம், அது சின்ன விடயம். ஆனால் எஞ்சின் விடயம் தீராமல் அதை உங்கள் பெயருக்கு மாற்றினால், எஞ்சின் பற்றிய கேள்விகளும் உங்கள் பெயருக்கே வரும். ஒன்றும் செய்யாமல் தொடர்ந்து ஓடுவது அதைவிட ஆபத்து.

மோசடி என்று பொலிஸில் போடலாமா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். போடலாம். போட்டால் முதலில் சான்றுப் பொருளாக வாங்கி வைக்கப்படுவது உங்கள் கார். நுகர்வோர் அதிகாரசபை வியாபாரிகளைப் பார்ப்பது. தன் சொந்தக் காரை விற்ற தனியாளிடம் அது போகாது.

ஆகவே சொல்கிறேன்: 50 இலட்சத்தை வாங்கிக்கொண்டு காரைத் திருப்பிக் கொடுங்கள். 52 கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 50க்கே முடியுங்கள். விற்றவரும் பயந்துதான் இருக்கிறார். புத்தகத்தில் இன்னும் அவர் பெயர்தான், நாளைக்கு ஏதும் நடந்தால் முதல் அழைப்பு அவருக்குத்தான் போகும். அவர் அந்த விலை சொல்வதே அதனால்தான். அந்தப் பயம் இருக்கும்போதே கதைத்து முடிக்க வேண்டும். சஸ்பென்ஷனையும் சைலன்சரையும் கழற்றிப் பழையதைப் போட்டுக் கொடுங்கள். கழற்றியதை விற்றால் 4 இலட்சத்தில் ஒரு பங்காவது திரும்பும்.

காசோலை வாங்க வேண்டாம். வங்கிக் கணக்கில் காசு விழுந்த பிறகுதான் சாவி. ஒரு சட்டத்தரணி முன் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வாகனம் கைமாறியது என்று எழுதுங்கள். அந்த மணிக்குப் பிறகு அந்தக் கார் செய்வது எதுவும் உங்களுடையதாக இருக்கக் கூடாது. மாற்றுப் படிவங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பிரதி எடுத்து வையுங்கள்.

காரை விட மனமே வரவில்லை என்றால் ஒரே ஒரு வழி இருக்கிறது. அந்த எஞ்சின் எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கான சுங்கக் கடதாசியும், அதை விற்ற கடையின் பற்றுச்சீட்டும் விற்றவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலையைக் குறைத்து, எஞ்சின் மாற்றத்தைப் பரிசோதகரிடம் காட்டிப் புத்தகத்தில் ஏற்றி, பிறகு பெயரை மாற்றி, காப்புறுதிக்கு எல்லாவற்றையும் எழுத்தில் அறிவித்து வைத்திருக்கலாம். டர்போவும் அதற்குப் பிறகுதான், அதையும் அறிவித்துவிட்டு. "தேடிப் பார்க்கிறேன், அடுத்த மாதம் தருகிறேன்" என்று அவர் இழுத்தால் கடதாசி இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள். அதுவரை கார் வீட்டு முற்றத்திலேயே நிற்கட்டும். எங்கே போவதென்றாலும் பஸ்ஸில் போய் வாருங்கள்.