அம்மாவுக்குப் பிறகு தம்பியை ஹோமில் சேர்க்கலாமா? நல்ல ஹோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பிக்கு 29 வயது, அறிவுசார் குறைபாடு, அம்மாவால் இனி முடியவில்லை என்கிறீர்கள். புதுச்சேரிப் பக்கம் இரண்டு ஹோம் பார்த்திருக்கிறீர்கள், இரண்டுமே சுத்தமாக இருக்கின்றன, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். என் தம்பிக்கு 41 வயது. இதே கேள்வியோடு பல வருஷம் அலைந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

சுத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் அப்படித்தான் எடுத்தேன். முதலில் சேர்த்த இடத்தில் டைல்ஸ் பளபளக்கும், கேமரா உண்டு, மாதாமாதம் போட்டோ வரும். வீட்டில் தம்பிக்கு டீ கொடுத்தால் டம்ளரைத் தள்ளிவிடுவான், காப்பிதான் வேண்டும். அங்கே எல்லாருக்கும் டீ, ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு விளக்கு அணைத்தாயிற்று. அவனுடைய நீலச் சட்டையை வேறொருவர் போட்டிருந்தார், இவன் யாருடையதையோ போட்டிருந்தான். நாலு மாதத்தில் எதைக் கேட்டாலும் "சரி" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தான். "தொந்தரவே கிடையாதும்மா, ரொம்ப நல்ல பிள்ளை" என்றார் பொறுப்பாளர். அன்று பஸ்ஸில் கன்னியக்கோயில் தாண்டும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனை அந்த இடம் வேண்டாம் என்று சொல்ல மறக்க வைத்திருந்தது.

அப்புறம் ராத்திரியில் கன்னத்தில் அடித்துக்கொள்ளத் தொடங்கினான். "பிஹேவியர் பிரச்சினை" என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். நான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. வலியை வாயால் சொல்லத் தெரியாதவர்கள் உடம்பால்தான் சொல்வார்கள். பல், காது, மலச்சிக்கல், வலிப்பு மாத்திரையின் பக்கவிளைவு, இவற்றைப் பார்த்த பிறகுதான் நடத்தையைப் பற்றிப் பேச வேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகும். நீங்கள் பார்த்த இரண்டு இடத்திலும், "ஒருவர் திடீரென்று அடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மாத்திரை என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

இங்கிலாந்தில் துணையுடன் வாழ்தல் என்ற முறை பரவலாக இருக்கிறது, இவர்கள் ஹோமில் இல்லாமல் வாடகை வீட்டில் இருப்பார்கள், உதவிக்கு ஆள் வருவார்கள். வாடகை ஒப்பந்தம் தனி, பராமரிப்பு ஒப்பந்தம் தனி. கவனிப்பு சரியில்லை என்றால் கவனிப்பவர்களை மாற்றலாம், வீட்டை இழக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. அங்கேயும் தவறு நடக்காமல் இல்லை. 2011-இல் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் இப்படிப்பட்டவர்களை அடித்துத் துன்புறுத்தியதை பிபிசி ரகசியக் கேமராவில் எடுத்துக் காட்டியது. அதுவும் முறைப்படி பதிவு பெற்ற இடம்தான். நம் நாட்டிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி ஹோம்கள் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது இவர்களின் உரிமை என்கிறது.

என் தம்பி இப்போது புதுச்சேரி அரியாங்குப்பம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறான். நாலு பேர், முறை வைத்துக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர். பழைய வீடு, மழை பெய்தால் பின்கட்டில் ஒழுகும். காலையில் பால் வாங்க அவன்தான் போகிறான், துணைக்கு ஒருவர் பின்னால் போவார். கடைக்காரருக்கு இவனைத் தெரியும். போன வாரம் உப்புமா வேண்டாம் என்று சண்டை போட்டானாம். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஹோமுக்குச் சொல்லாமல் போங்கள், அதுவும் சாயங்காலம் ஆறரைக்கு மேல். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி எத்தனை பேருக்கு ஒருவர் என்று பாருங்கள். வேலை செய்பவர்களிடம் தனியாகப் பேசி, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், வார லீவு உண்டா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் உங்கள் தம்பியின் பேச்சைப் புரிந்துகொள்ள ஒருவரும் மிஞ்ச மாட்டார். அலமாரியைத் திறந்து பாருங்கள், அவரவர் துணி அவரவருக்கு இருக்கிறதா என்று.

இன்னொன்று, 18 வயது முடிந்தவருக்கு அம்மாவே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர், அதாவது அவர் சார்பில் முடிவெடுப்பவர், ஆகிவிட மாட்டார். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், கலெக்டர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து அந்தப் பொறுப்பைப் பெற வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். இவர்களுக்கான நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் அங்கேயே விசாரியுங்கள், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

எந்த ஹோம் என்பதை இந்த மாதமே முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை. அம்மா பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். தம்பிக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், வலித்தால் என்ன செய்வான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது பதினேழு பக்கம் வந்தது. அதன் ஜெராக்ஸ்தான் இப்போது அரியாங்குப்பம் வீட்டில் சமையலறைக் கதவில் தொங்குகிறது.