காப்பகத்துக்குப் போலீஸ் சான்று: ஏஜென்ட்டிடம் போகாதீர்கள்

திருநெல்வேலியிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் கேட்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சம்பளம் இல்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். இல்லத்தில் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். ஒரு ஏஜென்ட், “மூவாயிரம் கொடுங்க சார், போலீஸ் வீட்டுக்கே வராது, மூணு நாள்ல கைக்கு வந்துடும்” என்கிறாராம். அவருக்கு உதவியாக வரும் பையன் அதே இல்லத்தில் வளர்ந்தவன், பதினாறு வயதில் ஒரு திருட்டு வழக்கு இருந்தது. அவனுக்குச் சான்று கிடைக்குமா?

முதலில் ஏஜென்ட். ஐயா, தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போலீஸ் விசாரிக்காமல் வரும் போலீஸ் சான்று என்று ஒன்று கிடையாது, அவர் தருவது கம்ப்யூட்டரில் அடித்த தாளாகத்தான் இருக்கும். அது போலி என்று தெரிந்தால் மாட்டுவது அதைக் கொடுத்த நீங்கள்தான், ஏஜென்ட்டின் பெயர் எந்த மூலையிலும் இருக்காது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணமும் அங்கேயே கட்டலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். வீட்டுக்கு வரும் காவலர் டீச்செலவு என்று இழுத்தாலும் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பாஸ்போர்ட் அலுவலகத்தில் தரும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்) வேறு. அது வெளிநாடு போகிறவர்களுக்கு. இதையும் அதையும் குழப்பித்தான் பாதி ஏஜென்ட்டுகள் காசு பார்க்கிறார்கள்.

சம்பளம் வாங்காதவருக்கு இது தேவையா என்றால், விதி நேராகச் சொல்லாவிட்டாலும் தேவைதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளில் குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்களை, ஒப்பந்த ஊழியர் உட்பட, அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ஊழியர் என்றுதான் இருக்கிறது, தன்னார்வலர் என்ற ஒரு சொல்லைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஓட்டையைக் காட்டி, பிறந்தநாள் கேக்கோடு வருகிறவர், டியூஷன் எடுப்பவர், யோகா சொல்லிக்கொடுப்பவர் என்று எல்லாரையும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும் இல்லங்கள் இருக்கின்றன. உங்களிடம் கேட்கிறார்கள் என்றால் நல்ல இடம் என்று சந்தோஷப்படுங்கள்.

சான்று வந்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். வழக்குப் பதிவானால்தானே சான்றில் தெரியும், குழந்தையைத் தவறாகத் தொட்டவர்களில் எத்தனை பேர் மேல் வழக்கு வருகிறது? பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தை 2018-ல் தொடங்கினார்கள், அதைக் காவல்துறை மட்டும்தான் பார்க்க முடியும். இல்லம் நடத்துகிறவர் ஒரு பெயரைக் கொடுத்து ‘இவர் இருக்கிறாரா, இல்லையா’ என்று கேட்க ஒரு நேர்வழியாவது வைத்திருக்கலாம். அதே 2018-ல்தான் பீகாரின் முசாபர்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. அது அரசு நிதியில் நடந்த இடம், காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தினர் போய்ப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2020-ல் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

சரி, அந்தப் பையன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல பிள்ளைகள் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பதினெட்டு வயதுக்குள் நடந்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவிலேயே இது இருக்கிறது. அந்த வழக்கினால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது என்று 24-வது பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்கள் கதை வேறு, இவனுடையது அதில் வராது. ஸ்டேஷனில் பழைய நோட்டைப் புரட்டி, “உன் மேல கேஸ் இருக்கேப்பா” என்று சொன்னால் அவன் தலைகுனிய வேண்டியதில்லை. குழுமத்தின் இறுதி உத்தரவு நகல் இருந்தால் கையில் வைத்திருக்கட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை என்றால் நான் சொன்னது பொருந்தாது, அதை முதலில் அவனிடமே கேட்டுவிடுங்கள். அந்த இல்லத்துப் பிள்ளைகளின் பயமும் ஏக்கமும் நம்மைவிட அவனுக்குத்தான் தெரியும், அப்படிப்பட்டவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

அப்புறம், இல்லத்துக்குள் பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தனியறையில் ஒரு பிள்ளையோடு மட்டும் வகுப்பு வேண்டாம். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் நிர்வாகி என்ன சொல்வாரோ என்று காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது போக்சோவில் குற்றம், சம்பளம் வாங்காதவருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில் போடுங்கள். அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் நீங்களும் கூடப் போங்கள்.